அண்ணன் படித்த கடிதங்கள்

கோயம்புத்தூர்
3 ஜூன் 1934

அன்புள்ள அக்காவுக்கு,

சம்பூர்ணம் எழுதுவது. நான் சௌக்கியம். நீயும் அண்ணனும் அண்ணியும் சௌக்கியம்தானே? அண்ணன் கையில் சுண்ணாம்புப் புண் ஆறியதா? தோல் பதனிடும் மண்டியில் மேஸ்திரி ஆன பிறகும் தொட்டிக்குள் கையை விட்டுத் தோலைப் புரட்டினால் எப்படி ஆறும் என்று நான் கேட்டதாகச் சொல்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டேன். கதவில் என் பெயரையும் பக்கத்தில் பி.ஏ. என்றும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அதைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டே உள்ளே போகிறேன். முதல் நாள் வகுப்பில் குரல் வரவில்லை. கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி, "டீச்சர், நீங்க பேசறது உங்களுக்குக் கேக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டாள்.

பள்ளிக்குப் பின்னால் இரண்டு அறை வீடு ஒன்று எனக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் கல்யாணமாகாத பெண் தனியாக இருக்கக்கூடாதாம். வீட்டு மனுஷி ஒருத்தி கூட இருக்க வேண்டும் என்கிறார் தலைமையாசிரியை. இல்லாவிட்டால் ஹாஸ்டல் மூலை அறைதான். அக்கா, நீ வா. அத்தான் போய்ப் பத்து வருஷமாக அந்த வீட்டுக்கு உழைத்துவிட்டாய். இனி என்னோடு இரு. வா அக்கா. ஆம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுதச் சொல். இந்த மாதம் முடிவதற்குள் தெரிய வேண்டும்.

உன் பதிலுக்காகத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
சம்பூர்ணம்

*

ஆம்பூர்
20 ஜூன் 1934

சிரஞ்சீவி சம்பூர்ணத்துக்கு அண்ணன் பஞ்சாட்சரத்தின் ஆசீர்வாதம்.

இவ்விடம் யாவரும் க்ஷேமம். உன் க்ஷேமத்துக்கு எழுதவும். கை வெந்திருப்பதால் வழக்கம்போல் நமது தோல் மண்டி குமாஸ்தா அப்துல் ஹமீத் சாயபு கையால் எழுதலாயிற்று. உன் கடிதம் கிடைத்து சகல சங்கதிகளும் அறிந்தோம். சௌந்தரத்துக்குப் படித்துக் காட்டினேன். மிகவும் திருப்திப்பட்டாள். உத்தியோகத்தில் கவனமாக இருக்கவும். வெயிலில் அலைய வேண்டாம். மண்டியில் வேலை ஜாஸ்தி. பாலாற்றில் தண்ணீர் இல்லை. வேறு விசேஷமில்லை.

எழுதிக் கொடுத்த அப்துல் ஹமீதின் சலாமும் ஏற்கவும்.

பஞ்சாட்சரம்

*

கோயம்புத்தூர்
8 ஜூலை 1934

அன்புள்ள அக்காவுக்கு,

சம்பூர்ணம் எழுதுவது. நான் சௌக்கியம். எல்லோரும் சௌக்கியம்தானே?

திருப்திப்பட்டாய் என்று அண்ணன் எழுதியிருந்தார். திருப்தி என்றால் வருகிறாயா, நான் நன்றாக இருக்கிறேன் என்ற திருப்தியா? காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

தலைமையாசிரியையிடம் கெஞ்சி ஆகஸ்டு வரை தவணை வாங்கியிருக்கிறேன். அக்கா, வா. அண்ணிக்குச் சமையலுக்கு ஆள் இல்லாமல் போகும் என்றால் அதையாவது சொல். மறைக்காதே. வர முடியுமானால் வா. முடியாது என்றால் முடியாது என்று எழுது. அது எனக்குப் போதும்.

கோபமில்லாத உன்
சம்பூர்ணம்

*

ஆம்பூர்
2 ஆகஸ்டு 1934

சிரஞ்சீவி சம்பூர்ணத்துக்கு அண்ணன் பஞ்சாட்சரத்தின் ஆசீர்வாதம்.

இவ்விடம் யாவரும் க்ஷேமம். உன் கடிதம் கண்டு சந்தோஷம். நீ கேட்டபடி சௌந்தரம் எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறாள். ஜாடி இன்று பார்சலில் வருகிறது. ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தாயே, அதனால் காரம் தூக்கலாகப் போடச் சொன்னேன். ஜாடியைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

பெட்டிக்கு வைக்கோல் சுற்றிய அப்துல் ஹமீதின் சலாம்.

பஞ்சாட்சரம்

*

கோயம்புத்தூர்
24 அக்டோபர் 1934

அன்புள்ள அக்காவுக்கு,

சம்பூர்ணம் எழுதுவது. உட்கார முடியவில்லை. படுத்துக்கொண்டே பென்சிலால் எழுதுகிறேன். டைபாயிடு ஜுரம். ஆஸ்பத்திரிக்கு வந்து பதினெட்டு நாள் ஆகிறது. தலைமயிரை வெட்டிவிட்டார்கள். பக்கத்துக் கட்டில்காரி நேற்று இறந்துபோனாள்.

ஊறுகாய் நான் கேட்கவில்லை. அதைப் பற்றி இப்போது வேண்டாம். ஆகஸ்டில் வீட்டை விட்டுக்கொடுத்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டேன். அதுவும் வேண்டாம். யாராவது வாருங்கள். அக்கா, நீ வா. கட்டில் பக்கத்தில் ஸ்டூல் ஒன்று காலியாக இருக்கிறது. நர்ஸ் தினமும், "உங்க ஊர்லிருந்து யாரும் வரலியா?" என்று கேட்கிறாள்.

சம்பூர்ணம்

*

ஆம்பூர்
12 நவம்பர் 1934

சிரஞ்சீவி சம்பூர்ணத்துக்கு அண்ணன் பஞ்சாட்சரத்தின் ஆசீர்வாதம்.

இவ்விடம் யாவரும் க்ஷேமம். உன் கடிதம் கண்டு எல்லோருக்கும் பரம சந்தோஷம். தீபாவளிக்கு நீ பட்டுப்புடவை எடுத்ததைக் கேட்டு சௌந்தரம் கண்ணில் தண்ணீர் விட்டாள். இங்கும் பண்டிகை சிறப்பாக நடந்தது. அதிரசம் செய்தோம். உன்னை நினைத்துக்கொண்டோம். சந்தோஷத்தில் கடிதத்தைச் சுருக்கமாக எழுதிவிட்டாய். இனி விரிவாக எழுதவும்.

அப்துல் ஹமீதின் வாழ்த்தும் சேர்த்து,

பஞ்சாட்சரம்

*

கோயம்புத்தூர்
20 நவம்பர் 1934

அன்புள்ள அக்காவுக்கு,

சம்பூர்ணம் எழுதுவது.

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரி வாசலில் வைத்துப் பிரித்தேன். அன்றுதான் வெளியே விட்டார்கள். படித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூட வந்த நர்ஸ் மறுபடி ஜுரமோ என்று நெற்றியைத் தொட்டாள்.

சாகக் கிடக்கிறேன் என்று எழுதினவளுக்கு அதிரசம் சாப்பிட்டதாக எழுத உங்களால் முடிந்திருக்கிறது. அக்கா, அண்ணன் எழுதச் சொன்னபோது நீயும் பக்கத்தில்தானே இருந்திருப்பாய்? இனி நான் எழுதப்போவதில்லை. நீங்களும் எழுத வேண்டாம்.

சம்பூர்ணம்

*

ஆம்பூர்
14 ஏப்ரல் 1935

அன்புள்ள சம்பூர்ணத்துக்கு,

சௌந்தரம் எழுதுவது. நான் எழுதுவது. என் கையால். இந்தக் கடிதம் எழுதப் பதினொரு நாள் ஆனது. நீ சௌக்கியமா? உயிரோடு இருக்கிறாயா? முதலில் அதை எழுது.

உன் கடிதம் ஒவ்வொன்றையும் அண்ணன் ஒரே தடவைதான் படிப்பார். இன்னொரு தடவை என்று கேட்டால், "படிச்சாச்சி இல்ல, இன்னா திரும்பத் திரும்ப" என்பார். அதனால் கேட்கும்போதே மனப்பாடம் செய்துகொள்வேன். மத்தியானம் வேலை முடிந்ததும் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதை எனக்கே சொல்லிக்கொள்வேன். போன ஆகஸ்டில் ஒரு எண்ணம் வந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத்தான் தெரியுமே, எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தால் எழுத்து வந்துவிடும் என்று.

முதல் வரி சரியாக வந்தது. எல்லாக் கடிதத்திலும் முதல் வரி ஒரே மாதிரி. உறையில் என் பெயரில் இருக்கும் சௌ, சௌக்கியத்திலும் இருந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். ஆனால் அடுத்த வரியிலிருந்து ஒன்றும் பொருந்தவில்லை. ஊறுகாய் என்று அண்ணன் இரண்டு தடவை படித்தார். ஒரே மாதிரி இரண்டு சொல்லைத் தேடித்தேடிக் கண் வலித்தது. நான்கு மாதம் என்னையே மண்டு மண்டு என்று திட்டிக்கொண்டேன்.

நீ பொங்கலுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய் என்று கடைசிக் கடிதத்தைப் படித்தார் அண்ணன். நீ வரவில்லை. ஏன் என்று கடிதத்தில் இருக்குமோ என்று நானே படித்துவிடப் பார்த்தேன். அடுத்த வீட்டு பில்கிஸிடம் சொல்லி அழுதேன். அவள் தானாக உருது படித்தவள். தமிழ் எழுத்து தெரியாது. "அக்கா, நானும் இப்டித்தான். மனப்பாடமா ஓதிட்டு, படிக்கறேன்னு நெனச்சிக்கினு இருந்தேன். உன் ஞாபகத்த மொதல்ல தூக்கிப் போடு. எழுத்த ஒண்ணொண்ணா புடி" என்றாள்.

ஜனவரியில் மளிகைக் கடையில் புதுத் தேதித்தாள் மாட்டினார்கள். கிழித்த தாளைத் தினமும் வாங்கிவந்தேன். அது எந்தக் கிழமையின் தாள் என்று எனக்குத் தெரியும். தாளிலும் அதுதான் இருக்கும். ஏழு கிழமையில் எத்தனை எழுத்து என்று நீ எண்ணிப் பார்த்திருக்கிறாயா? தாளின் பின்பக்கம் கரியால் எழுதி எழுதிப் பழகினேன். அண்ணி, "அடுப்புக் கரிய இன்னாத்துக்குத் திங்கற?" என்று கேட்டாள். உதட்டிலெல்லாம் கரி.

செவ்வாயிலிருந்து வா கிடைத்தது. உன் முதல் கடிதத்தை எடுத்தேன். அதில் வா இருந்தது. அடுத்த வரியிலும் வா. அக்கா வா. அண்ணன் படித்ததில் வா என்றே இல்லை. வெயிலில் அலைகிறேன், வேலை பிடித்திருக்கிறது என்றுதான் படித்தார். எனக்குத்தான் எழுத்து தப்பாக வருகிறது என்று மறுபடி தேதித்தாளை எடுத்து வைத்துப் பார்த்தேன். வா தான்.

பிறகு பென்சில் கடிதம். எழுத்து ஏன் கோணல் என்று அன்றே கேட்டேன். ரயிலில் எழுதினாளாம் என்றார் அண்ணன். அந்தக் கடிதத்தின் முதல் வரியில் சௌக்கியம் இல்லை. சௌ எங்கேயும் இல்லை. மேலும் கீழும் தேடினேன். அதைப் படித்து முடிக்க இருபது நாள் ஆனது, சம்பூர்ணம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று சொல். முதல் நாள் உட்கார முடியவில்லை என்று வந்தது. நான்காம் நாள் ஆஸ்பத்திரி. காலி என்ற சொல் கிடைத்த அன்று காலியாக இருப்பது ஸ்டூல் என்று தெரியாது. அது தெரிய இன்னும் ஒரு நாள் ஆனது.

நீ பட்டுப்புடவை கட்டியிருப்பதாக நினைத்து நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன். அதை எப்படித் திருப்பி எடுப்பது?

உன் கடைசிக் கடிதத்தை இன்னும் படிக்கவில்லை. அண்ணனிடமும் இன்னும் கேட்கவில்லை. பயமாக இருக்கிறது. முதலில் நீ பதில் எழுது. நானே படித்துக்கொள்வேன்.

உன் அக்கா
சௌந்தரம்

*

கோயம்புத்தூர்
22 ஏப்ரல் 1935

அன்புள்ள அக்காவுக்கு,

சம்பூர்ணம் எழுதுவது. நான் சௌக்கியம். சௌக்கியம், சௌக்கியம். மயிர் வளர்ந்துவிட்டது. உனக்குப் படிக்க எளிதாக இருக்கட்டும் என்று எழுத்தைப் பிரித்துப் பிரித்து எழுதுகிறேன்.

உன் கடிதத்தைத் தரையில் உட்கார்ந்து படித்தேன். ஐந்து மாதமாக உன்னை எப்படியெல்லாம் நினைத்தேன் என்று சொல்லமாட்டேன்.

அண்ணன் எவ்வளவு பெரிய பொய்யர்! நான் வா என்று எழுதியதை, வீட்டு வேலைக்கு ஆள் போய்விடுமே என்று உன்னிடமிருந்து மறைத்திருக்கிறார். என் ஜுரத்தையும் மறைத்திருக்கிறார். நீ பயப்படாதே. நான் சும்மா விடப்போவதில்லை. அண்ணன் சாயபுவிடம் என்னென்ன எழுதச் சொன்னார், என் கடிதங்களை அவர் கண்ணில் காட்டினாரா என்று கேட்டு அப்துல் ஹமீத் சாயபுக்கு இந்தத் தபாலிலேயே மண்டி விலாசத்துக்கு எழுதிவிட்டேன். நான் எழுதியது என்ன, வந்த பதில் என்ன என்று தேதி போட்டு எழுதியிருக்கிறேன். லீவு விட்டதும் நானே வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

உன் கையெழுத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கும்,
சம்பூர்ணம்

*

ஆம்பூர்
9 மே 1935

அன்புள்ள சம்பூர்ணத்துக்கு,

சௌந்தரம் எழுதுவது. நான் சௌக்கியம். அண்ணன் சௌக்கியமில்லை. ஜுரம் இல்லை. வேறு.

உன் கடிதத்தின் முதல் வரியைப் படித்த அன்றே எனக்குத் தைரியம் வந்தது. அண்ணன் மண்டியிலிருந்து வந்து கை கால் கழுவி உட்கார்ந்தார். கடிதக் கட்டை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"இது இன்னா?"

"சம்பூர்ணம் கடுதாசி. நான் படிக்கறேன் அண்ணா. தப்பு வந்தா நீ திருத்து."

"அடேயப்பா, வீட்ல இன்னொரு பி.ஏ. கெளம்பிடுச்சா?" என்று அண்ணி சிரித்தாள்.

முதல் கடிதத்தைப் படித்தேன். அண்ணன் திருத்தவில்லை. இரண்டாவதையும் படித்தேன். ஊறுகாய் எங்கே என்று அண்ணி கேட்டாள். ஊறுகாய் இல்லை அண்ணி என்றேன். பென்சில் கடிதத்தை எடுத்தேன். டைபாயிடு என்றதும் அண்ணன் எழுந்துவிட்டார்.

"யாருக்கு?"

நான் மேலே படித்தேன்.

"நிறுத்து. யாருக்குடி டைபாயிடு? எப்ப? இப்ப உயிரோட இருக்காளா?"

அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. மறைத்தவர் முகம் அப்படி இருக்காது. அந்தக் காகிதத்தில் என்ன இருந்தது என்று அவருக்கு அந்த நிமிஷம் வரை தெரியாது.

சம்பூர்ணம், அண்ணனுக்குப் படிக்கத் தெரியாது. கையெழுத்து போடுவார். எண் தெரியும். தோலில் போடும் குறி எல்லாம் தெரியும். எழுத்து தெரியாது. மூன்றாவது வரை படித்தவன் என்று அப்பா ஊரெல்லாம் சொன்னார். படித்தது நாலு மாதம். "அவ மொத மொத ஹாஸ்டல்லேந்து கடுதாசி போட்டப்போ எல்லாரும் என் மூஞ்சியத்தான் பார்த்தீங்க. தெரியாதுன்னு எப்டி சொல்றது? நல்லாக்கீறேன்னு தானே எழுதியிருப்பான்னு சொன்னேன். சரியாத்தான் இருந்துது. அப்டியே போயிடுச்சி" என்றார். காகிதம் சின்னதாக இருந்தால் அவசரம், பெரிதாக இருந்தால் சந்தோஷம் என்று குத்துமதிப்பாகச் சொல்வாராம். பென்சில் கடிதம் சின்னது. தீபாவளி சமயம். புடவை என்று சொல்லிவிட்டார். ஹமீத் பாயிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னால் குட்டு வெளிப்படும். எழுதுவதற்கு மட்டும் கை வெந்த சாக்கு இருந்தது. உண்மையாகவே வெந்த கைதான்.

அன்று அவர் சாப்பிடவில்லை. நான் அவருக்குச் சத்தியம் செய்து கொடுத்தேன், மண்டியில் யாருக்கும் தெரியாது என்று. நீ ஹமீத் பாய்க்கு எழுதியதாகச் சொல்லும் வரிக்கு நான் இன்னும் வந்திருக்கவில்லை.

மறுநாள் ஹமீத் பாய்க்கு உன் கடிதம் போனது.

அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பி.ஏ. படித்த பெண் தன் பெயருக்கு எழுதியிருக்கிறாள் என்ற பெருமை. தொட்டி ஓரத்தில் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு உரக்கப் படிக்க ஆரம்பித்திருக்கிறார். பாதியில் நிறுத்திவிட்டாராம். ஆட்கள் விடவில்லை, முழுக்கப் படி என்றார்களாம். தங்கை சாகக் கிடந்ததை மறைத்தவன் என்று ஒருத்தன் அண்ணன் முகத்துக்கு நேரே காறித் துப்பினான். அண்ணன் அதை ஒப்புக்கொண்டு போயிருக்கலாம். எல்லோர் முன்னாலும், "எனக்குப் படிக்கத் தெரியாதுப்பா. மறைக்கல. தெரியாது" என்று சொன்னாராம்.

அதிலிருந்து ஒரே கேலி. "மேஸ்திரி, இந்த மூட்டையில இன்னா எழுதிக்கீது, கொஞ்சம் படி." ஆறு நாள் வேலைக்குப் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஏழாம் நாள் ஹமீத் பாய் வாசலில் வந்து நின்றார். "தோல எண்றதுக்கு அலிஃப் பே எழுத்தெல்லாம் இன்னாத்துக்குப்பா? நீ இல்லாம நூத்துக்கு நாலு தோலு கம்மியா வருது. என்னால பேஜாரா பூடுச்சி, திட்டணும்னா அங்க வந்து திட்டு. வா." அண்ணன் போனார். பேசுவதில்லை. ஆனால் போகிறார்.

நீ அவரைப் பொய்யர் என்று எழுதியிருந்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். சரி, போகட்டும்.

இன்னொன்று. உன் கடிதங்கள் எல்லாவற்றையும் இப்போது நானே படித்துவிட்டேன். அப்பா போன பிறகு நீ எத்தனை லீவுக்கு இங்கே வந்திருப்பாய்? நீ ஜன்னல் பக்கம் உட்கார்ந்து படிப்பாய். நான் பக்கத்தில் புளி ஆய்வேன். ஒரு பக்கம் முடித்து நீ புரட்டும்போது நானும் பார்ப்பேன். உனக்கு எல்லாம் கண்ணில் படும். என் புடவையில் கிழிசல் இருந்தால் உடனே சொல்வாய். ஆனால் அக்கா, உனக்கு எழுத்து சொல்லித்தரட்டுமா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கடிதத்தில் வா என்று ஐந்தாறு இடத்தில் இருக்கிறது. வந்து நான் என்ன செய்வேன் என்று ஓர் இடத்திலும் இல்லை. வீடு கிடைக்கும், ஹாஸ்டலுக்குப் போக வேண்டாம் என்று இருக்கிறது. கோபமில்லை. படித்தேன், அதனால் சொல்கிறேன்.

சௌந்தரம்

*

கோயம்புத்தூர்
16 மே 1935

அன்புள்ள அக்காவுக்கு,

சம்பூர்ணம் எழுதுவது. நான் சௌக்கியம் என்று எழுதக் கூசுகிறது.

நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். எதையும் கவனிப்பவள் என்று எல்லோரும் என்னைச் சொல்வார்கள். நானும் நம்பியிருந்தேன். நீ புளி ஆய்ந்துகொண்டிருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. விரல் நிறம்கூட ஞாபகம் இருக்கிறது. உன் கண் எங்கே இருந்தது என்பதுதான் ஞாபகத்தில் இல்லை. நீ எழுதியதைப் படித்த பிறகு இன்று வகுப்பில் முப்பது பெண்களுக்கு முன்னால் நின்றேன். ஒரு வார்த்தை வரவில்லை. இந்தத் தடவை அது கூச்சத்தால் இல்லை.

அண்ணனுக்கு நான் செய்தது எப்படிப்பட்ட காரியம் என்று தெரிகிறது. அவர் காலில் விழ வேண்டும். அதைக் கடிதத்தில் எழுதினால் அவருக்கு யாராவது படித்துத்தானே காட்ட வேண்டும்? இந்த வருஷம் லீவு தள்ளிப்போகிறது, விட்டதும் நேரில் வந்து சொல்கிறேன்.

பழைய வீடு மறுபடி காலியாகியிருக்கிறது. அதற்காக இதை எழுதவில்லை. உனக்கு என்ன வேண்டும், அக்கா? அங்கேயே இருந்தாலும் சரி, இங்கே வந்தாலும் சரி. நீ சொல்.

பதிலுக்குத் தகுதி இல்லாத,
சம்பூர்ணம்

*

ஆம்பூர்
27 மே 1935

அன்புள்ள சம்பூர்ணத்துக்கு,

சௌந்தரம் எழுதுவது. நான் சௌக்கியம். அண்ணன் நேற்று இரண்டு வார்த்தை பேசினார். சாம்பாரில் உப்பு கம்மி என்றார். அண்ணிக்கு அது போதும், மூன்று வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

நீ கேட்டதற்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை, அதனால் பதில் தயாராக இல்லை. இரண்டு நாள் யோசித்தேன். தேதித்தாளும் கடிதமும் தவிர நான் வேறு ஒன்றும் படித்ததில்லை. போன வாரம் வெல்லம் கட்டி வந்த காகிதத்தில் ஏதோ ஒரு கதை பாதி இருந்தது. ஒருத்தி கிணற்றடியில் நிற்கிறாள், யாரோ கூப்பிடுகிறார்கள், அதோடு காகிதம் கிழிந்துவிட்டது. யார் கூப்பிட்டது என்று தெரியாமல் எனக்கு வேலையே ஓடவில்லை. அண்ணியிடம் சொன்னேன். "எவளோ நிக்கறா, எவனோ கூப்டறான், உனக்கு இன்னாடி?" என்றாள். எனக்கு என்ன என்று எனக்கும் தெரியவில்லை. ஆனால் வேண்டும்.

உன்னிடம் வந்து படிக்கப் போகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன். "உன்ன நான் புடிச்சி வெச்சதா ஊர் சொன்னது பொய்யாவே இருக்கட்டும். போய்ட்டு வா" என்றார். இனி நாம் இருவரும் எழுதும் கடிதங்களை ஹமீத் பாய்தான் அவருக்குப் படித்துக் காட்டுவார். அண்ணனே போய்க் கேட்டுக்கொண்டார். அவர் அதைக் கேட்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும், ஆகவே நீ எழுதும்போது நல்லதாகவும் எழுது, உண்மையாகவும் எழுது.

ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டு வருகிறேன். நீ வந்து கூட்டிப்போக வேண்டாம். ஸ்டேஷன் பலகைகளை நானே படித்துக்கொண்டு வருவேன். கோயம்புத்தூர் என்று இருந்தால் இறங்குவேன்.

சமையல் ஒரு நாள் நான், ஒரு நாள் நீ. உன் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளும் உண்டு அல்லவா? இரண்டாம் வகுப்பில் என்னைச் சேர்த்துக்கொள்வார்களா என்று தலைமையாசிரியையிடம் கேள். குழந்தைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஒளித்து வைத்தால் என்ன ஆகும் என்று இந்த வீட்டில் பார்த்துவிட்டேன்.

விண்ணப்பத்தில் வயதைக் குறைத்து எழுதிவிடாதே. முப்பத்தொன்று.

சௌந்தரம்